மனைவியிடம் சொல்லலாமா?

கேள்வி: வயது 34. மனைவி மீது அன்பும் ஈர்ப்பும் குறையவில்லை. ஆனால் ஆண்கள் மீதும் ஈர்ப்பு உண்டு. மனைவியிடம் சொல்லியே ஆக வேண்டுமா?

பதில்: இது இருபாலீர்ப்பு, அதாவது பைசெக்சுவாலிட்டி. இரு பக்கமும் சரிபாதியாக இருக்க வேண்டியதில்லை. 1948-லேயே அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர் கின்சி, 0 (எதிர்பால் ஈர்ப்பு மட்டும்) முதல் 6 (தன்பால் ஈர்ப்பு மட்டும்) வரை அளவுகோல் போட்டுக் காட்டினார். கல்யாணத்தால் இது மறைந்தும் போகாது.

ஈர்ப்பை மட்டும் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. வெளியே பாதுகாப்பற்ற உறவு இருந்திருந்தால் கதையே வேறு, மனைவிக்குத் தெரிந்தாக வேண்டும். எச்.ஐ.வி., சிஃபிலிஸ் பரிசோதனையை உடனே செய்யுங்கள். எச்.ஐ.வி.க்கு, கடைசியாக அப்படி உறவு கொண்ட நாளிலிருந்து 45 நாள் கழித்து லேபில் மறுபடியும். அதுவரை ஆணுறை.

சொல்வதென்றால் சண்டைக்கு நடுவே வேண்டாம், தூங்கப் போகும் நேரத்திலும் வேண்டாம். "நான் பைசெக்சுவல்" என்று சொல்லி நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. கேட்பவர் காதில் அது "உன்னை விட்டுப் போகிறேன்" என்றே விழும். எனவே முதல் வாக்கியம்: "பிரிவதற்காக இதைப் பேசவில்லை." அடுத்து "யாராவது இருக்காங்களா?" என்பார். சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள். ரகசியத்தை மனைவி தனியாகச் சுமப்பதும் நியாயமில்லை. மனம்விட்டுப் பேச நம்பகமான ஒருவரை இருவரும் சேர்ந்தே முடிவு செய்யுங்கள். அடிதடி, மிரட்டலுக்கு வாய்ப்பிருந்தால் முதலில் ஆலோசகரைப் பாருங்கள்.