வாசகர் கேள்வி – பதில்: பிச்சாவரத்துத் தில்லை

கேள்வி: எழுபது வயது கடந்த என் தாயாரையும், பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு சிதம்பரம் செல்ல இருக்கிறோம். அம்மாவுக்கு நடராசர் தரிசனம், பிள்ளைகளுக்குப் பிச்சாவரத்தில் படகுப் பயணம். இரண்டும் ஒரே நாளில் முடியுமா? எந்தப் படகில் செல்வது நல்லது?
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: தாராளமாக முடியும். ஆனால் காலையில் கோயில், பிற்பகலில் படகு என்று பலரும் வகுத்துக்கொள்ளும் வரிசையை நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். கடலோரக் கழியில் வளரும் அலையாத்திக் காடான பிச்சாவரம் சிதம்பரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றின் முகத்துவாரத்திற்கும் கொள்ளிடத்தின் முகத்துவாரத்திற்கும் இடையே உள்ளது. வெயில் ஏறுவதற்கு முன் படகில் ஏறினால் கொக்கும் நாரையும் மீன்கொத்தியும் இரை தேடுவதைப் பிள்ளைகள் அருகிலிருந்து பார்க்கலாம். கோயிலோ நண்பகலில் நடை சாத்தி மாலையில் திறப்பது; பகல் உணவும் சிறு ஓய்வும் முடிந்தபின் அம்மா நிதானமாகத் தரிசிக்கலாம்.

துடுப்புப் படகையே எடுங்கள். மோட்டார் படகு அகன்ற கால்வாய்களோடு நின்றுவிடும். அதன் ஓசையில் பறவைகளும் பறந்துவிடும். இருபுறத்துக் கிளைகளும் தலைக்குமேல் கூடி நிற்கும் குறுகிய ஓடைகளுக்குள் துடுப்புப் படகு மட்டுமே நுழையும். அந்த நிழலையும் அமைதியையும் காணாமல் திரும்புவது வீட்டு வாசல்வரை வந்துவிட்டு உள்ளே போகாமல் திரும்புவதற்கு ஒப்பாகும். முதியவர் வருகிறார் என்று படகோட்டுபவரிடம் முன்பே சொன்னால், கைகொடுத்து ஏற்றி நடுப்பலகையில் அமர்த்துவார். உயிர்காப்பு உடையை எல்லோரும் அணிந்த பிறகே படகு புறப்படட்டும். குடை கிளைகளில் சிக்கும். தொப்பியோ தலைத்துண்டோ போதும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தைத் தவிர்த்துத் தை, மாசி மாதங்களில் சென்றால் வலசை வரும் பறவைகளையும் காணலாம்.

கேள்வி: சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பெயர் ஒரு மரத்தால் வந்தது என்கிறார்கள். ஊரில் எங்கும் அந்த மரத்தைக் காணவில்லையே?
– வாசகர், மதுரை

பதில்: ஊரில் இல்லை, பிச்சாவரத்து உப்பங்கழியில் இருக்கிறது. திருவண்ணாமலை வாசகியிடம் படகுப் பயணத்தை முதலில் வைக்கச் சொன்னதற்கு வெயிலைவிடப் பெரிய காரணம் இதுதான். ஒரு காலத்தில் தில்லைவனமாக இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் இன்று தெருக்களும் வீடுகளும் நிற்கின்றன. தலமரத்தின் பெயர் மட்டும் பதிகங்களிலும் மக்கள் நாவிலும் தங்கிவிட்டது. கலித்தொகையின் நெய்தற்கலி, முண்டகச் செடியும் தில்லையும் சேர்ந்து வளர்ந்த கடற்கரை மணல்மேட்டைப் பேசுகிறது. அந்த நெய்தல் நிலத்தை உயிரோடு பார்க்க விரும்புபவர்கள் இந்தக் கழிக்குத்தான் வரவேண்டும்.

தில்லையை அடையாளம் காண்பது கடினமன்று. உதிர்வதற்கு முன் அதன் இலைகள் செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறுவதால், பச்சைக்கு நடுவே தனித்துத் தெரியும். ஆனால் தொடக்கூடாது, கிளையை ஒடிக்கவும் கூடாது. அதன் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையையே பறிக்கும். பிள்ளைகளுக்கு இதைப் படகில் ஏறுமுன்னரே சொல்லிவிடுங்கள்.

கால்களைப் பரப்பி நிற்பதுபோல் ஊன்றுவேர்கள் நீருக்குள் இறங்கும் மரம் சுரபுன்னை. அதன் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கும். சேற்றிலிருந்து விரல்விரலாக மேல்நோக்கி நிற்பவை வெண்கண்டலின் மூச்சுவேர்கள். காற்றுப் புகாத சேற்றுக்குள் இருக்கும் வேர்களுக்கு அவை வழியாகவே காற்று செல்கிறது. நீர் வற்றும் நேரத்தில் இவை நன்றாகத் தெரியும். வெண்கண்டல் தான் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றுவதால், இலையின் மேல் உப்புப் பொடி படிந்திருப்பதையும் காட்டலாம்.

திருவண்ணாமலை வாசகியே, உங்கள் அம்மாவுக்கும் தில்லை மரத்தைக் காட்டுங்கள். காலையில் அதைக் கண்டவர் மாலையில் சந்நிதியில் "தில்லை" என்று பாடக் கேட்கும்போது, அந்தச் சொல்லுக்குப் பின்னே இலையும் கிளையும் நீரும் தெரியும்.

கேள்வி: 2004 ஆழிப்பேரலையின்போது பிச்சாவரம் காடு ஊர்களைக் காத்தது என்பது உண்மையா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உண்மைதான், ஆனால் அளவோடு சொல்லவேண்டிய உண்மை. காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் இழப்பு குறைவாகவும், கடலை நேராக நோக்கிய திட்டுகளில் மிகக் கொடுமையாகவும் இருந்தது. கடலிலிருந்து உள்ள தொலைவும் நிலத்தின் உயரமும்கூட இதில் பங்கு வகித்தன என்பதை மறக்கலாகாது.

அந்தக் காடு அன்று அங்கே நின்றதற்கு மனித உழைப்பும் ஒரு காரணம். முன்பு மரத்துக்காகப் பகுதி பகுதியாக வெட்டப்பட்ட இடங்களில் நிலம் தாழ்ந்து பள்ளமாகி, தேங்கிய கடல்நீர் வற்றி உப்பு மிகுந்து, எதுவும் முளைக்காமற் போனது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் கால்வாய்களும் கிளைக் கால்வாய்களும் வெட்டி, கடலின் ஏற்ற இறக்கத்தில் ஓதநீர் வந்துபோக வழிசெய்து கன்றுகளை நட்டார்கள். ஓடைகள் இயல்பாக வளைந்து செல்லும் இந்தக் கழியில் நூல் பிடித்தாற்போல் நேரான கால்வாய் கண்ணில் பட்டால், அது கையால் வெட்டப்பட்டதாக இருக்கக்கூடும். 2022இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு நீரில் கைகளால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களையும் நீங்கள் காணக்கூடும். அது அவர்களுடைய பிழைப்பு; அவர்கள் இசைவின்றிப் படம் எடுக்காதீர்கள்.

கேள்வி: அருகில் பார்க்கத்தக்க பழைய துறைமுகம் உண்டா?
– வாசகி, சேலம்

பதில்: வெள்ளாற்றின் மறுகரையில் பரங்கிப்பேட்டை இருக்கிறது. பரங்கியர் எனப்பட்ட போர்த்துகீசியர் வணிகம் செய்ததால் இப்பெயர் பெற்றது. பின்னர் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்தனர். 1781 சூலை 1இல் ஹைதர் அலியின் படையை ஐர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படை தோற்கடித்த போர் இவ்வூருக்கு அருகே நடந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இங்கேதான் உள்ளது. இரண்டாம் நாள் கையில் இருந்தால் மட்டும் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஒரே நாள் என்றால் பிச்சாவரமும் கோயிலும் போதும்.