ஸ்பானிஷின் 'யா' என்ற சொல்லுக்கு 'ஏற்கெனவே' மட்டும் போதாது

வணக்கம். மாட்ரிட் பேக்கரியில் ரொட்டி கேட்டபோது 'யா நோ ஆய்' என்றார்கள், ஆனால் அகராதியில் 'யா' என்றால் 'ஏற்கெனவே' என்றுதானே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஸ்பானிஷ் படிக்கும் எல்லோரும் தடுமாறும் இடம் இது.

'நோ ஆய்' என்றால் 'இல்லை'. முன்னால் 'யா' சேர்ந்ததும் 'தீர்ந்துவிட்டது' என்றாகிறது. முன்பு இருந்தது, இப்போது இல்லை. இன்னும் அடுப்பிலிருந்து வரவில்லை என்றால் 'தொதவியா நோ' என்றிருப்பார்கள், நீங்களும் காத்திருக்கலாம்.

நிலை மாறிவிட்டது என்று காட்டுவதுதான் 'யா'வின் முக்கிய வேலை. தமிழில் அதை ஒரு தனிச்சொல்லில் தேடாதீர்கள், வினையில் வரும் 'விடு'வில் தேடுங்கள். 'யா கொமீ' என்றால் 'சாப்பிட்டுவிட்டேன்'. 'ஏற்கெனவே சாப்பிட்டேன்' என்று நாம் எப்போதாவதுதானே சொல்கிறோம்? எனக்கு இந்த ஒப்பீடு பிடிபட்ட பிறகுதான் 'யா' வசப்பட்டது.

அப்புறம், கதவைத் தட்டினால் உள்ளிருந்து 'யா போய்' (ya voy) என்று குரல் வரும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது 'போகிறேன்'. ஆனால் பொருள் நம் 'இதோ வந்துட்டேன்'தான். இன்னும் வரவில்லை, ஆனாலும் 'வந்துட்டேன்' என்கிறோம் பாருங்கள், அதே மனநிலை.

குழந்தையிடம் அதட்டலாக '¡யா!' என்றால் 'போதும்!'. ஸ்பெயினில் பேச்சுக்கு நடுவே 'யா, யா' என்றால் 'ம், புரியுது'. 'யா கே' மட்டும் தனி: அது காரணம் சொல்லும் 'என்பதால்'.

அடுத்த முறை ரொட்டிக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே போய்ப் பாருங்கள்.