கரணத்தில் உயரம் கிடைக்க

கேள்வி: நின்ற இடத்திலிருந்து பின்கரணம் அடித்தால் உயரமே எழவில்லை, குந்திய நிலையில்தான் தரையிறங்குகிறேன். காலில் பலம் போதாதா?

பதில்: பெரும்பாலும் குற்றவாளி கால் அல்ல, தலைதான். பாதம் தரையை விடும் முன்பே தலையைப் பின்னால் எறிந்தால், மேலே போக வேண்டிய விசை பின்னால் போய்விடும்.

நெஞ்சை நிமிர்த்தியே வைத்து முழங்காலைக் கொஞ்சமாக மடக்குங்கள். முழுக்கக் குந்தினால் உதைப்பு மந்தமாகும். கைகளைக் கீழிருந்து வேகமாக வீசி, காதருகே சட்டென நிறுத்துங்கள். அந்த வேகம் உடலுக்கு ஏறும். பார்வை எதிர்ச் சுவரில். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் நீண்டு, கட்டைவிரல் கடைசியாகத் தரையை விட்ட பிறகே முழங்காலை நெஞ்சுக்கு இழுக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள்!

முதலில் கரணமே இல்லாமல் நேராக எம்பிப் பழகுங்கள். ஓரடிக்கு மேல் பின்னால் இறங்கினால் சாய்கிறீர்கள் என்று பொருள். கரணத்துக்கு மெத்தையும் பயிற்சியாளர் கைத்தாங்கலும் கட்டாயம்.