பிளாஸ்டிக் தண்ணீர் டேங்க் விரிசலில் அலுமினிய டேப் ஒட்டினால் நிற்குமா?

கேட்டவர் வீட்டு மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். அடிப்பக்கம் ஒரு விரிசல். அலுமினிய டேப் வாங்கி ஒட்டினாராம், மூன்றாம் நாளே உரிந்து வந்துவிட்டதாம். டேப் மட்டமா, ஒட்டிய முறை தப்பா என்று கேட்டிருக்கிறார்.

டேப்பைக் குறை சொல்வதற்கு முன்னால் டேங்க் என்ன பிளாஸ்டிக் என்று பாருங்கள்.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். சித்திரை வெயில் தொடங்கிவிட்டால் "அண்ணாச்சி, டேங்க் ஒழுகுது, அந்த வெள்ளிக் கலர் டேப் ஒண்ணு கொடுங்க" என்று யாராவது வந்து நிற்பார்கள். முன்பெல்லாம் எதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவேன். எங்கள் வீட்டு டேங்கில் அவுட்லெட் குழாய் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டபோது நானும் அதே டேப்பைத்தான் ஒட்டினேன். நாலு நாள் சொட்டு இல்லை. ஐந்தாம் நாள் காலையில் அம்மா மாடிப்படியில் தண்ணீர் வழிவதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். ஏறிப் போய்ப் பார்த்தால் டேப் ஒரு மூலையில் மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. பசை முழுவதும் டேப்பிலேயே இருக்கிறது, டேங்கில் துளி கூட இல்லை. அதற்கப்புறம்தான் எது எதில் ஒட்டும் என்று கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

மாடியில் வைக்கும் டேங்குகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன். குடம், வாளி, மூடி போன்றவை பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். இவற்றின் மேல்பரப்பு மெழுகு மாதிரி. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருள்வதுபோல இதில் பசையும் பரவாமல் நின்றுவிடும். பசை ஒன்றைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் அதன் மேல் நன்றாகப் பரவ வேண்டும். பரவ விடும் இந்தக் குணத்தை ஒரு எண்ணாகவே சொல்வார்கள், தமிழில் அதை மேற்பரப்பு ஆற்றல் எனலாம். பாலிஎத்திலீனுக்கு அது சுமார் 31, பிவிசிக்கு 39 அளவில், டிவி, மிக்ஸி உறை செய்யும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு 40க்கு மேல். எண் குறையக் குறைய ஒட்டுவது கஷ்டம். அதனால்தான் பிவிசி குழாயில் அழகாக உட்காரும் அதே டேப் டேங்கில் உரிகிறது. பிசைந்து ஒட்டும் எபாக்சி பசை டேங்கில் பொருக்குப் பொருக்காக உதிர்வதற்கும் இதே காரணம்தான். பிவிசி சொல்யூஷன் பிவிசியைக் கரைத்து ஒட்டுவது, பாலிஎத்திலீனை அது கரைக்காது, அதனால் அதுவும் பிடிக்காது.

உங்களிடம் இருப்பது என்ன பிளாஸ்டிக் என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஓரத்திலிருந்து பிளேடால் ஒரு சின்னச் சீவலை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு விரலால் முக்கி விடுங்கள். மேலே மிதந்து வந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன், சாதாரண டேப்புக்கு எதிரி. மூழ்கினால் பிவிசி, ஏபிஎஸ் போன்றவையாக இருக்கலாம், டேப் பிடிக்க வாய்ப்பு அதிகம். பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருந்தால் இன்னும் சுலபம். 2, 4, 5 என்றால் யோசித்து ஒட்டுங்கள். 3 என்றால் பிவிசி.

சரி, ஒட்டாத பிளாஸ்டிக்கில் நாலு நாள் மட்டும் எப்படி நின்றது? இதை யோசித்தபோதுதான் எனக்கு முழு விஷயமும் புரிந்தது. டேங்கில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால், அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 100 கிராம் அளவுக்கு அழுத்தம் இருக்கும். விரிசல் மயிரிழை அகலம்தான் என்பதால் முதல் நாள் டேப்பை வெளியே தள்ளும் விசை சில கிராம்கள்தான். ஆனால் தண்ணீர் பசைக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து போகிறது. அது பரவிய இடமெல்லாம் தள்ளும் இடமாகிறது. 5 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் நீளமுள்ள டேப்புக்கு அடியில் முழுவதும் பரவிவிட்டால் 75 சதுர சென்டிமீட்டர். அதாவது ஏழரைக் கிலோ! அதுவும் உள்ளிருந்து வெளியே உரிக்கிற மாதிரித் தள்ளுகிறது. பக்கவாட்டில் இழுத்தால் எந்த டேப்பும் நன்றாகத் தாங்கும். உரித்தால் தாங்காது.

வெயில் இன்னொரு பக்கம். மதியத்தில் டேங்க்மேல் கை வைக்க முடியாது, விடிகாலையில் குளிர்ந்துவிடும். 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்தாலும், அந்த 15 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பாலிஎத்திலீன் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அலுமினியம் அதில் ஐந்தில் ஒரு பங்கோ ஆறில் ஒரு பங்கோதான் நீளும். நடுவில் மாட்டிக்கொண்டு தினமும் இழுபடுவது காகிதத்தைவிட மெல்லிய பசைப்படலம். போதாததற்கு மோட்டார் போட்டு நிரப்பும்போதெல்லாம் டேங்கின் வயிறு வேறு உப்பி இறங்குகிறது.

இங்கே இரண்டு வகை டேப்பைப் பிரித்துச் சொல்ல வேண்டும், கடையில் இரண்டையும் "அலுமினிய டேப்" என்றுதான் கேட்கிறார்கள். ஒன்று ஏசி காற்று போகும் டக்ட் வேலைக்கு வரும் மெல்லிய டேப், பின்னால் அக்ரிலிக் பசை. இன்னொன்று அலுமினியத் தாளுக்கு அடியில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பாகப் பியூட்டைல் ரப்பர் ஒட்டிய டேப். நசுக்கினால் களிமண் மாதிரி அமுங்கும். டேங்க் போன்ற வழுக்கும் பிளாஸ்டிக்குக்கு இரண்டாவதுதான் கொஞ்சமாவது ஒத்துவரும். பியூட்டைலும் எண்ணெய்ப் பொருள்களிலிருந்து வரும் ரப்பர்தான், மெழுகுத்தன்மையுள்ள பரப்பில் அது நன்றாகவே ஒட்டும். தடிப்பாக இருப்பதால் வெயிலில் டேங்க் நீண்டு சுருங்குவதையும் தாங்கிக்கொள்ளும். விளம்பர வீடியோவில் பீய்ச்சி அடிக்கிற தண்ணீர் மேலேயே ஒட்டி நிறுத்திக் காட்டுகிறார்களே, அதை நம்பி ஈரத்தில் ஒட்டாதீர்கள். அந்த நேரத்துக்கு நிற்கும், ஒரு சித்திரையைத் தாண்டுமா என்பது வேறு விஷயம்.

இப்போது என் டேங்கை எப்படிச் சரி செய்தேன் என்று சொல்கிறேன். தண்ணீரை விரிசலுக்குக் கீழே இறக்கி, ஒரு முழு நாள் காயவிட்டேன். விரிசலின் இரண்டு முனையிலும் மூன்று மில்லிமீட்டர் டிரில் பிட்டால் ஒரு ஓட்டை. இதைத் தவிர்க்கவே கூடாது. விரிசல் கூர்மையான முனையிலிருந்துதான் மேற்கொண்டு ஓடும், முனை வட்டமாகிவிட்டால் நின்றுவிடும். பிறகு பழைய இரும்புக் கடையில் கிடைத்த உடைந்த டேங்க் துண்டிலிருந்து பென்சில் தடிப்பில் குச்சி குச்சியாக வெட்டிக்கொண்டேன். சால்டரிங் அயர்னால் விரிசலின் இரு கரையையும் உருக்கி, அந்தக் குச்சியையும் உருக்கி உள்ளே நிரப்பினேன். பாலிஎத்திலீன் 120 முதல் 130 டிகிரிக்குள் உருகிவிடும், அயர்ன் அதைவிட மிக அதிகச் சூடு, எனவே கருகவிடாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மேலோடு மட்டும் உருகினால் போதாது, பாதித் தடிப்பாவது கலக்க வேண்டும். புகை வரும், திறந்த வெளியில், புகை முகத்தில் அடிக்காத பக்கமாக உட்கார்ந்து செய்யுங்கள். வேலை தெரிந்த ஆள் ஊரில் இருந்தால் அவரிடமே விடுங்கள். கார் பம்பர் ஒட்டுபவர்கள் பலரும் இதைச் செய்கிறார்கள்.

அதன் மேல்தான் பியூட்டைல் டேப். தண்ணீரைத் தாங்குவது உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக், டேப் மேலே ஒரு காவலுக்கு. சுற்றிலும் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட்டால் துடைத்து, விரிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் மூன்று விரல் அகலம் வருகிற மாதிரி வெட்டினேன். மூலைகளை வளைவாக வெட்டுங்கள், கூர் மூலைதான் முதலில் கிளம்பும். இழுத்து ஒட்டாமல், நடுவிலிருந்து வெளியே கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே போகணும். ஒட்டிய கையோடு மோட்டார் போடாதீர்கள். ஒரு ராத்திரி விடுங்கள். இரண்டு கோடை தாண்டிவிட்டது, இதுவரை சொட்டு இல்லை.

டேங்குக்கு உள்ளே மட்டும் எந்த டேப்பையும் ஒட்டாதீர்கள். குடிக்கிற, சமைக்கிற தண்ணீர் அது.

மெல்லிய அலுமினிய டேப் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். பிளாஸ்டிக்கில் அது அருமையாக உழைக்கிற இடங்கள் உண்டு. மொட்டை மாடியில் வெயில் பட ஓடும் பிவிசி குழாய் சில வருஷத்தில் மொறுமொறுவென்று உடையும். புற ஊதா ஒளிதான் காரணம். அலுமினியம் அந்த ஒளியைத் துளியும் உள்ளே விடாது. புதுக் குழாயிலேயே சுற்றிவிட்டால் குழாய் நீண்ட நாள் வரும். ஏசி குழாய் மேலும் சோலார் ஹீட்டர் குழாய் மேலும் இருக்கும் கறுப்பு நுரை உறை வெயிலில் தூள் தூளாகப் போகுமே, அதற்கும் இதுதான் மருந்து. எக்ஸாஸ்ட் ஃபேன் குழாய் இணைப்பு, மழைநீர் இறங்கும் குழாயின் இணைப்பு, இங்கெல்லாம் அழுத்தம் கிடையாது, தாராளமாக ஒட்டலாம். சிமெண்ட் பூச்சுக்குள் மறைந்துவிடும் இடத்தில் மட்டும் வேண்டாம். ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தை அரித்துவிடும். மோட்டார் ஏறும் குழாய், பிரஷர் பம்ப் குழாய் ஒழுகினால் டேப்பைத் தேடாமல் அந்தத் துண்டை வெட்டிக் கப்ளிங் போட்டுவிடுங்கள்.

ஒயர், பிளக், சுவிட்ச் பெட்டி பக்கம் இதைக் கொண்டு போகவே போகாதீர்கள். இது உலோகம், மின்சாரம் பாயும். போன மாதம் ஒருவர் பிளக் பின்னின் உடைந்த மூடிக்கு இதைக் கேட்டு வந்தார், கொடுக்காமல் புது பிளக் கொடுத்து அனுப்பினேன். வைஃபை பெட்டியின் உடைந்த மூடியில் சுற்றினாலும் சிக்னல் படுத்துவிடும்.

உங்கள் டேங்கில் ஏற்கெனவே ஒட்டி உரிந்த டேப்பின் பசை அங்கங்கே மிச்சம் இருந்தால், தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் ஊறவிட்டுத் துணியால் தேய்த்தால் வந்துவிடும். எண்ணெயைச் சோப்புப் போட்டுச் சுத்தமாகக் கழுவிய பிறகே அடுத்த வேலை.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று பாருங்கள். வெயில் படும் பக்கத்தில் டேங்க்மேல் உள்ளங்கையை அழுத்தித் தேயுங்கள். கையில் மாவு மாதிரி வெள்ளைப் பொடி ஒட்டினால் பிளாஸ்டிக் வெயிலில் செத்துப்போய்விட்டது என்று அர்த்தம். இந்த விரிசலை உருக்கி அடைத்தாலும் பக்கத்திலேயே அடுத்தது விடும், ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன் எடை உங்கள் தலைக்கு மேலே நிற்கிறது. அந்த நிலையில் இருந்தால் டேப்புக்கும் ஆளுக்கும் செலவு செய்யாமல் புது டேங்குக்குப் போங்கள். பொடி இல்லையென்றால், விரிசல் அவுட்லெட் பக்கமா நடுச்சுவரிலா, எத்தனை விரல் நீளம் என்று எழுதுங்கள். எவ்வளவு தூரம் உருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.