அகராதியை ‘ஏ’யிலிருந்து மனப்பாடம் செய்யலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் கிராமம். தமிழ் வழியில் ப்ளஸ் டூ முடித்து, ஊட்டியில் பி.காம். சேர்ந்திருக்கிறேன். பாடமெல்லாம் ஆங்கிலம். அகராதியில் ‘ஏ’ தொடங்கி தினமும் இருபது சொல் மனப்பாடம் செய்கிறேன். வாரம் போனால் பாதி மறந்துவிடுகிறது. வேறு வழி உண்டா?

பதில்: அகர வரிசை தேடுவதற்குத்தான் வசதி, படிப்பதற்கு இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பு 20 தொகுதி. அதை முழுக்க அறிந்த ஆங்கிலேயர் யாரும் இருக்க மாட்டார்கள். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி நடத்திய மைக்கேல் வெஸ்ட், 1953-இல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களைப் பட்டியலிட்டார். சாதாரண ஆங்கிலப் பக்கத்தில் பத்துக்கு எட்டுச் சொல் இதற்குள் அடங்கிவிடும். இதில் தெரியாதவற்றை முதலில் முடியுங்கள். அப்புறம் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல்: 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்தவையும் சேர்ந்தால் ஒரு குடும்பம்). ஃபைனான்ஸ், இன்கம், கான்ட்ராக்ட் என்று உங்கள் பாடச் சொற்களே அதில் வரும். இரண்டும் இணையத்தில் இலவசம்.

அகர வரிசையில் இன்னொரு தொல்லை, ஒரே சாயல் சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து குழப்பும். பழக்கப்படுத்திக்கொள்வதற்கு ஒரு ‘அடாப்ட்’, தத்தெடுப்பதற்கு ஒரு ‘அடாப்ட்’. இரண்டையும் ஒரே நாளில் படித்தால் இரண்டுமே நிற்காது. ஒன்று நன்றாகப் பதிந்தபின் மற்றதைத் தொடுங்கள்.

பாருங்கள், தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகவே ஆகிவிட்டன. நோட்டில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறிக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ‘பேட்’ என்று எழுதி வைத்தால் அது கிரிக்கெட் மட்டையா, காலில் கட்டுவதா, ‘கெட்ட’ என்பதா? கைபேசி அகராதியில் ஒலியை அழுத்திக் கேட்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், கூட வரும் சொல்லோடு எழுதுங்கள். மழைக்கு ‘ஹெவி’, காற்றுக்கு ‘ஸ்ட்ராங்’, மூடுபனிக்கு ‘திக்’. நம் மலையில் மூன்றும் தினப்படி சமாசாரம். ஆனால் ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்று எழுதினால் ஆங்கிலம் தெரிந்தவர் புருவம் உயரும். ‘பலமான’ என்ற ஒரே பொருளைக் குறித்து வைத்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது. நான் இதைத்தான் முக்கியம் என்பேன்.

இருபது வேண்டாம், எட்டோ பத்தோ போதும். ஒரு பக்கம் ஆங்கிலச் சொற்றொடர், பின்பக்கம் தமிழ்ப் பொருள் என்று சிறு அட்டைகளில் எழுதுங்கள். மறுநாள் ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை பாருங்கள். பின்பக்கத்தைத் திருப்புவதற்கு முன் நினைவுபடுத்தப் பாருங்கள். சும்மா திரும்பத் திரும்ப வாசிப்பதில் பலன் குறைவு. ஊட்டிக்குப் பேருந்தில் வரும் நேரம் இதற்குத் தாராளம், கொண்டை ஊசி வளைவில் தலை சுற்றாதென்றால்.