கரி கொடுக்கலாமா, டாக்டர்?

விஷம் குடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் கரி கொடுக்கிறார்களே, தேங்காய்ச் சிரட்டைக் கரியை இடித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தால் போதாதா? நம் ஊரில் சிரட்டைக்கா பஞ்சம்? (கருங்கல்)

போதாது. ஆஸ்பத்திரிக் கரியான ஆக்டிவேட்டட் சார்க்கோல் செய்யவும் சிரட்டையை எடுக்கிறார்கள்தான். ஆனால் 800, 900 டிகிரி சூட்டில் நீராவி செலுத்தி, கரி முழுக்க நுண்துளை விழ வைக்கிறார்கள். கிராமுக்குச் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு. விஷம் ஒட்டுவது அதில்தான். அடுப்புக் கரியில் அது கிடையாது. ஆஸ்பத்திரியில் பெரியவருக்கு 50 கிராம் கொடுப்போம், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள். மயங்கிக் கிடப்பவர் வாயில் வீட்டில் எதையும் ஊற்றாதீர்கள்.

வள்ளத்து மண்ணெண்ணெயைப் பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டான். கரி? (குளச்சல்)

வேண்டாம், மண்ணெண்ணெயைக் கரி பிடிக்காது. வாந்தி எடுக்க வைத்தால் எண்ணெய் நுரையீரலில் இறங்கும்; ஆபத்தே அதுதான். இருமல் இல்லாவிட்டாலும் ஆறு மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கட்டும்.

இருட்டில் தண்ணீர் என்று நினைத்து ரப்பர் ஆசிட்டைக் குடித்துவிட்டார் என் கணவர். கேஷுவால்டியில் ஏன் கரி கொடுக்கவில்லை? (குலசேகரம்)

கொடுக்காததுதான் சரி, அம்மா. ரப்பர் ஆசிட் என்பது ஃபார்மிக் ஆசிட்; அது கரியில் ஒட்டாது. உணவுக்குழாய் எவ்வளவு வெந்திருக்கிறது என்று எண்டோஸ்கோப்பி விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே கரி அப்பிக் கிடந்தால் எதைப் பார்ப்பது? இந்த ஆசிட் தொண்டையோடு நிற்பதில்லை. ரத்த அணுக்களை உடைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட்டைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி அடுக்களையில் வைப்பது யார் கற்றுக்கொடுத்த வழக்கம்? அருமனை முதல் பேச்சிப்பாறை வரை பால்வெட்டு நடக்கிற வீடுகளில் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. வாங்கின கேனிலேயே, ஷீட் அடிக்கும் ஷெட்டில், பூட்டி வையுங்கள். குடித்துவிட்டால் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், அவ்வளவுதான். உப்புத் தண்ணீரும் சோப்புத் தண்ணீரும் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தால், இறங்கும்போது வெந்த இடம் ஏறும்போதும் வேகும். 108-ஐக் கூப்பிடுங்கள். பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள்.

மஞ்சள் அரளிக்காய்க்குக் கரி கேட்குமா? (தோவாளை)

இலங்கையில் 2003-ல் வந்த ஆய்வு, திரும்பத் திரும்பக் கரி கொடுத்ததில் சாவு குறைந்தது என்றது. 2008-ல் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்த பெரிய ஆய்வில் (பூச்சிமருந்து குடித்தவர்களும் அதில் உண்டு) வித்தியாசமே தெரியவில்லை. சீக்கிரம் வந்தால் கொடுப்பது உண்டு. ஆனால் அரளி தாக்குவது இதயத்தை, இ.சி.ஜி. மானிட்டர் உள்ள இடம்தான் முக்கியம். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வைத்தியர் வீட்டில் இறங்காதீர்கள்.

தம்பி மாத்திரை முழுங்கிவிட்டான், கரி கொடுக்கலாமா? (ஊர் இல்லை)

என்ன மாத்திரை, எத்தனை, எப்போது? ஒன்றும் எழுதவில்லை. இரும்புச்சத்து மாத்திரை என்றால் கரி வீண். பாராசிட்டமால் என்றால் நேரத்தோடு கொடுத்தால் பயன் உண்டு. கடிதம் எழுதுகிற விஷயமா இது? அட்டையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வயிற்றில் கேஸுக்குத் தினமும் கரி மாத்திரை சாப்பிடுகிறேன். தைராய்டு மாத்திரையும் உண்டு. (மார்த்தாண்டம்)

விஷம் எது, மருந்து எது என்று கரிக்குத் தெரியாது. தைராய்டு மாத்திரையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

கரி கொடுத்த மறுநாள் மலம் கறுப்பாகப் போகிறது. (தக்கலை)

போகும்.