கமாண்ட் ப்ராம்ப்ட் ஷார்ட்கட்டில் மாற்றிய எழுத்தளவு மற்ற வழிகளில் திறக்கும்போது ஏன் வருவதில்லை?

விண்டோஸ் 10 கணினியில் டெஸ்க்டாப் ஷார்ட்கட்டிலிருந்து பெரிய எழுத்துடன் திறக்கும் கமாண்ட் ப்ராம்ப்ட், ரன் பெட்டியில் சிஎம்டி என்று தட்டினால் மட்டும் பழைய சிறிய எழுத்துடன் வருவது ஏன் என்றும், ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸில் உள்ள மற்ற கட்டங்கள் எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

எழுத்துரு, நிறம், சாளர அளவு ஆகியவை கமாண்ட் ப்ராம்ப்டாக இயங்கும் சிஎம்டி நிரலுக்குள் இருப்பவை அல்ல. ஷார்ட்கட் வழியே திறந்த சாளரத்தின் தலைப்புப் பட்டையை வலது சொடுக்கி ப்ராப்பர்ட்டீஸில் செய்யும் மாற்றங்கள் அந்த ஷார்ட்கட் கோப்பிலேயே எழுதப்படுகின்றன. ரன் பெட்டி வழியே திறக்கும்போதோ விண்டோஸ் அந்தக் கோப்பைப் பார்ப்பதே இல்லை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் பயனர் கணக்குக்கு உரிய கன்சோல் பகுதியைத்தான் படிக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே தோற்றம் வேண்டுமானால் தலைப்புப் பட்டையை வலது சொடுக்கினால் வரும் அதே பட்டியலில் உள்ள டிஃபால்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் தனக்கெனத் தனி அமைப்பு எழுதப்பட்ட ஷார்ட்கட் அதற்குப் பிறகும் தன் அமைப்பையே பின்பற்றும். பலர் குழம்பும் இடம் இதுதான்.

டார்கெட் கட்டத்தில் எந்த நிரல் ஓட வேண்டும் என்பதும், ஸ்டார்ட் இன் கட்டத்தில் அது எந்தக் கோப்புறையில் தொடங்க வேண்டும் என்பதும் இருக்கும். அட்வான்ஸ்ட் பொத்தானில் நிர்வாகியாக இயக்கும் தேர்வை இட்டுவிட்டால், ஸ்டார்ட் இன்னில் என்ன எழுதியிருந்தாலும் சிஎம்டி சிஸ்டம்32 கோப்புறையில்தான் நிற்கும். அதற்கு மாற்றாக, டார்கெட்டில் சிஎம்டியின் பாதையை அடுத்துச் சாய்கோட்டுடன் கே, பிறகு கோப்புறை மாற்றும் சிடி கட்டளை, சாய்கோட்டுடன் டி, கடைசியாகக் கோப்புறையின் பாதை என்ற வரிசையில் எழுதலாம். கே என்பது கட்டளை முடிந்த பிறகும் சாளரத்தைத் திறந்தே வைக்கும். அதற்குப் பதில் சி என்று எழுதினால் முடிந்ததும் மூடிவிடும், பிழைச் செய்தியைப் படிக்கக்கூட நேரம் இருக்காது.

ஆப்ஷன்ஸ் தாவலில் உள்ள குவிக் எடிட் தேர்வைத்தான் நான் மிகவும் கவனிக்கச் சொல்வேன். ஒருமுறை குடும்பப் புகைப்படங்களை ரோபோகாப்பி என்ற நகலெடுப்புக் கட்டளை மூலம் வெளி வட்டுக்கு நகலெடுக்க விட்டுவிட்டு, சாளரத்தின் மேல் தெரியாமல் ஒருமுறை சொடுக்கிவிட்டு உறங்கப் போனேன். காலையில் பார்த்தால் பணி சொடுக்கிய இடத்திலேயே நின்றிருந்தது. குவிக் எடிட் இயங்கும்போது சொடுக்கு என்பது உரையைத் தேர்ந்தெடுக்கும் செயலாகிவிடுவதால், திரையில் எழுத முயலும் நிரல் அந்தத் தேர்வு நீங்கும்வரை காத்திருக்கிறது. தலைப்பில் செலக்ட் என்ற சொல் தோன்றுவதே அதன் அடையாளம், எஸ்கேப் விசையை அழுத்தினால் பணி தொடரும். நெடுநேரம் ஓடும் பணிகளுக்கென்று இத்தேர்வை நீக்கிய தனி ஷார்ட்கட் ஒன்றை அன்றிலிருந்து வைத்திருக்கிறேன்.

விண்டோஸ் 11இல் விண்டோஸ் டெர்மினல் இயல்புநிலையாக இருந்தால் நிறமும் எழுத்துருவும் அதன் செட்டிங்ஸில்தான் மாற்றப்பட வேண்டும். உங்கள் விண்டோஸ் 10இல் எதை மாற்றிப் பார்ப்பதானாலும் முதலில் ஷார்ட்கட்டை நகலெடுத்து அந்த நகலில் மாற்றுங்கள். அமைப்புகள் கோப்புக்குள்ளேயே இருப்பதால், பிடிக்காவிட்டால் நகலை அழித்தாலே போதும்.